தேதிதானே, போட்டுக் கொடுத்தால் என்ன?

16 அக்டோபர் 2025, இரவு 11.40
மூன்றாம்ஷிஃப்ட்:

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து ஒரு மருந்து ஆலையில் கியூசியில் (தரச் சோதனை) சேர்ந்து எட்டு மாதம். ஸ்டெபிலிட்டி பிரிவு, மருந்து எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்கிற இடம். ஒரு பேட்ச்சின் மூன்றாம் மாத சாம்பிளைச் சேம்பரிலிருந்து எடுக்கவேண்டிய நாள் தாண்டிப்போச்சு. பொறுப்பாக இருந்தவர் லீவு, வேறு யாரும் கவனிக்கவில்லை. பதினோரு நாள் கழித்து நான்தான் எடுத்தேன். லாக்புக்கில் எடுக்கவேண்டிய நாளையே போடு என்கிறார் சீனியர். "தேதிதானேடா, பதினோரு நாளில் மாத்திரை ஊசிப்போயிடவா போகுது?" யோசித்தால் அவர் சொல்வதும் சரி மாதிரிதான் இருக்கு. நாளைக்குள் எழுதணும். போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? அனுபவம் உள்ள சார்கள் யாராவது சொல்லுங்கள்.


17 அக்டோபர் 2025, காலை 6.15
நீலமை:

போடாதே.

சார் இல்லை, அக்கா. 22 வருஷம் கியூசி, கியூஏ (தர உறுதிப் பிரிவு) இரண்டிலும் குப்பை கொட்டினவள். நான் ஒருநாளும் பின்தேதி போட்டதில்லை. வேலையே போனாலும் போகட்டும் என்று நில்.


17 அக்டோபர் 2025, இரவு 9.50
நீலமை:

காலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு தட்டியது. காரணத்தையும் சொல்லவேண்டாமா?

வேறு பிரிவு என்றால் தேதி ஓரத்தில் எழுதும் விவரம். ஸ்டெபிலிட்டியில் நீ அளப்பதே நாளைத்தான். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள் மாத்திரையை வைத்து, மூன்று மாதத்தில் மருந்து எவ்வளவு குறைந்தது, ஆறு மாதத்தில் எவ்வளவு என்று கோடு வரைகிறோம். அட்டையின் பின்னால் அச்சிடும் காலாவதித் தேதி இப்படிப்பட்ட கோடுகளிலிருந்துதான் பிறக்கிறது. கோட்டின் ஒரு அச்சு மருந்தின் அளவு, இன்னொரு அச்சு காலம். மருந்தின் அளவைக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் பீக்கை மாற்றினால் மோசடி என்று பதறுகிற உன் சீனியர், இன்னொரு அச்சை மாற்றச் சொல்லும்போது மட்டும் "தேதிதானே" என்கிறார்.

ரான்பாக்சி என்ற இந்திய மருந்துக் கம்பெனியின் கதை தெரியுமா? 2013 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டினார்கள். எல்லோரும் கலப்படம், போலி மருந்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கில் ஒப்புக்கொண்டவற்றில் ஒன்று நம்ம சமாச்சாரம். 2006, 2007 ஆண்டறிக்கைகளில் ஸ்டெபிலிட்டி சோதனை நடந்ததாகச் சொன்ன தேதி ஒன்று, உண்மையில் நடந்த தேதி வேறு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வித்தியாசம். மாத இடைவெளி விட்டுச் செய்யவேண்டிய சில சோதனைகளை ஒரே நாளிலோ அடுத்தடுத்த சில நாட்களிலோ செய்திருக்கிறார்கள். சோதனைக்குக் காத்திருந்த சாம்பிள்கள் ரொம்ப நாள் ஃபிரிட்ஜில் கிடந்திருக்கின்றன. ஃபிரிட்ஜில் வைத்த மாத்திரை கெடாது, வாஸ்தவம்தான். நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் மே மாத வெயிலில் அட்டைப்பெட்டியோடு கிடக்கிற மாத்திரைக்கு அந்த ஃபிரிட்ஜ் கணக்கு எப்படிப் பொருந்தும்?

அங்கேயும் யாரோ ஒரு எட்டு மாதப் பையனிடம் யாரோ ஒரு சீனியர் "தேதிதானே" என்றிருப்பார் என்பது என் ஊகம்.


17 அக்டோபர் 2025, இரவு 10.05
நீலமை:

ஒன்று விட்டுப்போச்சு. சேம்பர் கதவைத் திறந்தால் ஈரப்பதம் சட்டென்று இறங்கி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறுபடி ஏறும். டேட்டா லாகரின் கிராஃபில் அது சின்னப் பள்ளமாகப் பதிந்திருக்கும். நீ எழுதப்போகும் தேதியில் அந்தப் பள்ளம் இருக்காது. பதினோரு நாள் தள்ளி இருக்கும். சீனியரிடம் இதை மட்டும் கேள்: "கிராஃபை என்ன செய்வோம் சார்?"


18 அக்டோபர் 2025, மதியம் 1.20
மூன்றாம்ஷிஃப்ட்:

கேட்டேன் அக்கா. "அதெல்லாம் யாரு பார்க்கப்போறா" என்றார். எழுத திங்கள் வரை டைம் கொடுத்திருக்கிறார். வேலை போனாலும் போகட்டும் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எனக்கு எஜுகேஷன் லோன் இருக்கு. அப்பாவுக்கு டயாலிசிஸ்.


18 அக்டோபர் 2025, மதியம் 3.00
கணக்குப்பிள்ளை:

எல்லாத் துறையிலும் இதுதான் நடக்குது. மார்ச் 31ம் தேதி போட்ட பில்லெல்லாம் மே மாசம்தான் பிறக்குது. எங்களை யாரு ஜெயில்ல போட்டா?


19 அக்டோபர் 2025, காலை 7.30
நீலமை:

தம்பி, மன்னிச்சுக்கோ. "வேலையே போனாலும்" என்று எழுதினது தப்பு. வீட்டுக்கடன் முடிந்து, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவள் கொடுக்கிற வீரம் அது.

பொய்த்தேதி போடுவது, வேலையை விடுவது, இந்த இரண்டுதான் வழி என்று நானே உன்னைப் பயமுறுத்திவிட்டேன். நடுவில் சாதாரணமாக ஒன்று இருக்கிறது. லேட் என்ட்ரி. எடுத்த நாளையே எழுது. பக்கத்தில் "இன்ன தேதியில் எடுத்திருக்கவேண்டியது, இன்ன காரணத்தால் 11 நாள் தாமதம், இன்று பதிகிறேன்" என்று ஒரு வரி. இன்றைய தேதியோடு உன் கையெழுத்து. அப்புறம் உங்கள் எஸ்ஓபியை (வேலை நடைமுறைக் கையேடு) பிரித்து, எத்தனை நாள் முன்பின் போகலாம் என்று விண்டோ கொடுத்திருக்கிறார்களா பார். அதைத் தாண்டியிருந்தால் டீவியேஷன் படிவம், அதாவது நடைமுறை பிசகியதைப் பதிகிற படிவம், ஒன்று வாங்கி நிரப்பு. மூன்றாம் மாதப் புள்ளிக்குப் பதில் மூன்று மாதம் 11 நாள் புள்ளி, அவ்வளவுதான். அதை வைத்தே கோடு வரையலாம், உலகம் கவிழாது. தாமதத்தைத் தாமதம் என்று எழுதினதற்காக ஒரு மருந்தைத் திருப்பி அனுப்பினதை நான் பார்த்ததில்லை.

சீனியரிடம் சண்டைக்குப் போகாதே. "எழுதிட்டேன் சார், டீவியேஷன் நம்பர் மட்டும் வாங்கித் தாங்க" என்று கேள். அவருக்கும் பயம்தான். மாதாந்தர மீட்டிங்கில் எந்தப் பிரிவில் எத்தனை டீவியேஷன் என்று சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். குறைவாக இருக்கிற பிரிவுக்குக் கைதட்டல். இப்படிக் கைதட்டினால் தேதிகள் எல்லாம் அழகாகத்தானே இருக்கும்?

கணக்குப்பிள்ளை, உங்கள் பில்லை யாரும் விழுங்குவதில்லை.


21 அக்டோபர் 2025, இரவு 12.10
நீலமை:

நேற்று தீபாவளி. தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது.

17ம் தேதி காலையில் "நான் ஒருநாளும் பின்தேதி போட்டதில்லை" என்று எழுதியிருக்கிறேன். பொய். அந்த வரியை அழிக்கமாட்டேன். லாக்புக்கில் செய்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தப்பு கீழே தெரியவேண்டும், பக்கத்தில் சரியானது வரவேண்டும், கையெழுத்து, தேதி.

சரியானது இது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம். தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு. மருதாணி காயாத கையோடு திரும்பி வந்தால், பிஎச் மீட்டர் லாக்புக்கில் மூன்று வரி காலியாக இருக்கிறது. தினமும் காலையில் பிஎச் அளவு தெரிந்த பஃபர் கரைசல்களை வைத்து மீட்டரைச் சரிபார்த்து எழுதவேண்டும். நான் இல்லாத மூன்று நாளும் யாரும் எழுதவில்லை. மீட்டரை மட்டும் எல்லோரும் பயன்படுத்தியிருக்கிறார்கள். "நீதானே மா டெய்லி எழுதுவ, போட்டுடு" என்றார் சூப்பர்வைசர். முந்தின வாரத்து அளவுகளைப் பார்த்து 4.01, 7.00, 9.19 என்று ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி முன்பின்னாக எழுதினேன். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமாம்! அதற்கான புத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள். மூன்று கையெழுத்து. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏழு மாதம் கழித்து வெளிநாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, பெரியம்மா மாதிரி. பெரிய மெஷின் பக்கமே போகவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பிஎச் மீட்டர் லாக்புக்கை எடுத்து, ஒரு மாதத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, "இந்த மாத வருகைப் பதிவேடு கிடைக்குமா?" என்று கேட்டார். எச்ஆரிலிருந்து அது வந்து சேரும்வரை இருபது நிமிஷம் நான் அங்கேயே நின்றேன். மூன்று நாளில் எதில் என் கையெழுத்து, எதில் என் பெயருக்கு நேரே லீவு என்று அவர் விரல் வைத்துக்கொண்டே வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் அன்று இங்கே இருந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை, என் தங்கை கல்யாணம்" என்றேன். "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

எனக்கு மெமோ. போடச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. அவர் சொன்னது வாய்வார்த்தை, என்னுடையது எழுத்து.


21 அக்டோபர் 2025, காலை 8.45
நீலமை:

அதற்குப் பிறகு கம்பெனி என்ன செய்தது தெரியுமா? எல்லோருக்கும் ரீடிரெயினிங். ஆல்கோவா (ALCOA) என்று ஐந்து எழுத்து: யார் எழுதியது, படிக்கமுடிகிறதா, அந்த நேரத்திலேயே எழுதியதா, மூலமா, சரியா. புரொஜெக்டர் போட்டு ஒரு மணி நேரம், முடிவில் சமோசா. வருகைத்தாள் சுற்றி வந்தது. நைட் ஷிஃப்ட் போய்த் தூங்கிக்கொண்டிருந்த நாலு பேருக்கும் சேர்த்துப் பக்கத்து சீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டார். எதற்கான டிரெயினிங் என்று மறுபடி படியுங்கள்.


22 அக்டோபர் 2025, மாலை 5.00
தென்காசித்தென்றல்:

சிரிப்பு வருது, ஆனா கோபமும் வருது. இருமல் மருந்து குடிச்சு குழந்தைங்க செத்திருக்கு. நீங்க பிஎச் மீட்டர், சமோசான்னு பேசிட்டு இருக்கீங்க.


23 அக்டோபர் 2025, இரவு 10.30
நீலமை:

கோபம் நியாயம். எனக்கும் தூக்கம் வரவில்லை. கோல்ட்ரிஃப் சிரப் தயாரான இடம் காஞ்சிபுரம் மாவட்டம், நான் வேலைபார்த்த ஆலைகளிலிருந்து கூப்பிடு தூரம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். இருக்கக்கூடிய உச்சவரம்பு 0.1. பாதி பாட்டில் விஷம். மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து போனார்கள். ஆய்வுக்குப் போனவர்கள் முந்நூறுக்கும் மேல் குறைகள் எழுதி, 13ம் தேதி உரிமத்தை ரத்து செய்தார்கள். ஒரே வாரத்தில் முளைத்த முந்நூறா அது? அதற்கு முன்னால் போனவர்கள் எதைப் பார்த்தார்கள், போனார்களா என்பதுதான் என் கேள்வி.

அதையும் பிஎச் மீட்டரையும் ஒரே தட்டில் வைக்கவேண்டாம் என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். அங்கே சோதனையே இல்லை, இங்கே சோதனையின் தேதிதான் தப்பு என்று. எழுதும்போதே கை நின்றுவிட்டது. சிரப்பில் ஊற்றும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் டிரம்மில் வருகிறது. கூடவே சப்ளையர் கொடுத்த சான்றிதழ் வரும், எல்லாக் கட்டத்திலும் "பொருந்துகிறது" என்று. ஒவ்வொரு டிரம்மையும் திறந்து சாம்பிள் எடுத்து டைஎத்திலீன் கிளைக்கால் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது வாங்குகிறவன் கடமை. நல்ல ஆலையிலேயே ஒரு டிரம்மில் எடுத்து எட்டு டிரம்முக்கு எழுதுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மீதி ஏழுக்கும் எழுதுகிற கை, மூன்று நாள் பிஎச் எழுதின என் கைதான். எட்டு டிரம்மும் நல்லதாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இதே விஷம் 1937ல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தில் நூறு பேருக்கு மேல் கொன்றது. அடுத்த வருஷமே அங்கே மருந்துச் சட்டத்தை மாற்றினார்கள். 1972ல் சென்னை, 1986ல் மும்பை, 2022ல் காம்பியா. ஒரே டிரம் ஊர் ஊராக உருண்டுகொண்டே இருக்கிறது.


26 அக்டோபர் 2025, காலை 11.15
சுதேசி:

இந்திய கம்பெனி சல்லிசா மருந்து விக்குறது வெளிநாட்டுக்காரங்களுக்கு பொறுக்கல. அதான் இன்ஸ்பெக்டரை அனுப்பி நோண்டுறாங்க. அவங்க நாட்டுல யாரும் தேதி மாத்தினதே இல்லையா?


26 அக்டோபர் 2025, இரவு 8.20
நீலமை:

மாற்றினார்கள், நன்றாகவே. நாம் மனப்பாடம் செய்கிற விதிகளில் பாதி அவர்கள் ஊர்த் திருட்டிலிருந்து வந்ததுதான். முடிவு தப்பாக வந்தால் சரியாக வரும்வரை மறுபடி மறுபடி சோதிக்கிற பழக்கத்துக்கு 1993ல் ஒரு நீதிபதி ஆப்பு வைத்தாரே, பார் லேபரட்டரீஸ் வழக்கு, அது அமெரிக்கக் கம்பெனி. 2005ல் நியூ ஜெர்சியில் ஏபிள் லேபரட்டரீஸ் தன் மருந்து அத்தனையையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டு கடையைக் கட்டியது. காரணம், கியூசியில் தோற்ற முடிவுகளைத் தேறியதாக மாற்றியது. அதற்கு முன்னால் போன இன்ஸ்பெக்டர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2022 கடைசியில் குஜராத்தில் ஒரு பெரிய ஆலையில், கிழித்துப்போட்ட ஆவணங்களை மூட்டை மூட்டையாக இன்ஸ்பெக்டர்கள் கண்டுபிடித்தார்கள். குப்பைப் பையில் இருந்த காகிதத்தின்மேல் ஒருவர் அசிட்டிக் அமிலத்தை ஊற்றியிருந்தாராம். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த வருஷம், அங்கே தயாரான சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் ஊசிக்கு அமெரிக்காவில் தட்டுப்பாடு, புற்றுநோய் மருத்துவமனைகளில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று கணக்குப் போடும் நிலை. குப்பைப் பையைப் பிடித்தது சரி. அதற்கு ஊசி கிடைக்காமல் நின்றது யாரோ ஒரு நோயாளி. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.


2 நவம்பர் 2025, மாலை 4.40
கணக்குப்பிள்ளை:

அக்கா, ரான்பாக்சியைக் காட்டிக்கொடுத்தவருக்குக் கோடிக்கணக்கில் கிடைச்சதாமே. தம்பியும் ஒரு லெட்டர் போட்டா லோன் அடைஞ்சிடும்.


2 நவம்பர் 2025, இரவு 9.00
நீலமை:

தினேஷ் தாக்கூர். கிட்டத்தட்ட 48.6 மில்லியன் டாலர். ஆமாம், மேலே சிரப்பில் எழுதின அதே 48.6. நான் வேண்டுமென்று போடவில்லை, எண்கள் சில நேரம் இப்படி முறைத்துப் பார்க்கும்.

அந்தப் பணம் அமெரிக்கச் சட்டப்படி வந்தது. அரசாங்கம் ஏமாந்த பணத்தை மீட்க உதவினால் பங்கு உண்டு. அவர் 2005ல் வேலையை விட்டார், பணம் வந்தது 2013ல். நடுவில் எட்டு வருஷம். நம் ஊரில் அந்த மாதிரிச் சட்டம் கிடையாது. கம்பெனிச் சட்டம் 2013ல் 177வது பிரிவு, பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளும் வங்கியில் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியவையும் புகார் சொல்ல ஒரு வழி வைக்கவேண்டும் என்கிறது. 2014ல் நிறைவேறிய தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியரின் முறைகேட்டைப் பற்றியது, தனியார் ஆலைக் கியூசிப் பையனுக்கு உதவாது.

எங்கள் ஆலையில் அந்த வழி எப்படி இருந்தது தெரியுமா? கேன்டீன் வாசலில் பூட்டுப் போட்ட பச்சைப் பெட்டி. நேர் மேலே சிசிடிவி.


11 நவம்பர் 2025, இரவு 11.55
மூன்றாம்ஷிஃப்ட்:

அக்கா, லேட் என்ட்ரி எழுதினேன். 20ம் தேதி தீபாவளி லீவு என்பதால் 21ம் தேதிதான் எழுதமுடிந்தது, அதையும் அப்படியே எழுதினேன். சீனியர் ஒரு வாரம் பேசவில்லை. என்னை ஸ்டெபிலிட்டியிலிருந்து எடுத்து கிளாஸ்வேர் கழுவுகிற இடத்துக்குப் போட்டார்கள். பத்து நாள் கழித்து கியூஏ மேடம் கூப்பிட்டு, கிராஃபை விரித்து வைத்துக்கொண்டு, இந்த வருஷம் எத்தனை சாம்பிளில் பள்ளமும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்று பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறைய இருக்கு அக்கா. சீனியருடைய கையெழுத்து மட்டும் இல்லை.


12 நவம்பர் 2025, காலை 6.20
நீலமை:

பார்க்கிறதை எல்லாம் பக்க எண் போட்ட நோட்டில் எழுது. உதிரித் தாளில் எழுதாதே. முடிவு என்ன என்று நீ சொல்லாதே, எண்ணை மட்டும் எழுது. அந்த மேடமிடம் இது வாய்வார்த்தையா, எழுத்தில் உண்டா என்று மரியாதையாகக் கேட்டு, ஒரு மெயில் வாங்கிவிடு. என் மெமோ ஞாபகம் இருக்கட்டும்.

அப்பாவுக்கு எப்படி இருக்கு?


12 நவம்பர் 2025, இரவு 10.10
மூன்றாம்ஷிஃப்ட்:

வாரத்துக்கு மூன்று தடவை போகிறோம் அக்கா. பரவாயில்லை. மெயில் கேட்டேன், "எழுதித் தரேன்" என்றார். இன்னும் வரவில்லை.


19 நவம்பர் 2025, மதியம் 2.30
மூன்றாம்ஷிஃப்ட்:

மெயில் வந்தாச்சு. இரண்டே வரி. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.


19 நவம்பர் 2025, மாலை 6.05
தென்காசித்தென்றல்:

ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அதென்ன அக்கா நீலமைன்னு பேரு?


19 நவம்பர் 2025, இரவு 9.15
நீலமை:

நான் வேலைபார்த்த இடத்தில் எல்லாவற்றையும் நீல மையில்தான் எழுதணும். ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்பாகிவிடும், மூலம் எது நகல் எது என்று உடனே தெரியும். இப்போது கலர் ஜெராக்ஸ் வந்துவிட்டது, அந்தக் காரணமே செத்துப்போச்சு. ஆனாலும் மளிகை லிஸ்ட்டைக்கூட நீலத்தில்தான் எழுதுகிறேன். நேற்று துவரம்பருப்பை அடித்துப் பாசிப்பருப்பு என்று மாற்றினேன். பக்கத்தில் கையெழுத்து, தேதி. கடைக்காரர் லிஸ்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.